வாயாடியின் உப்பு

வாயாடி என்பது ஓர் ஆளி, சிப்பி வகை. கொன்றையாறு கடலில் கலக்கிற இடத்துக்குச் சற்று உள்ளே, அலையாத்திக் காட்டின் நடு ஓடையில், ஒரு வேரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கிடந்தது. பெயர் வைத்தவள் இசைவாணி, சின்னத்துறைமேடு அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு. ஓட்டுக்குள் கிடக்கிற ஜீவனுக்கு இப்படி ஒரு பெயரா என்று யாராவது கேட்டால், "நாள் முழுக்க வாயத் தொறந்து தொறந்து மூடுறா. வேற என்னான்னு கூப்புடுறது?" என்பாள். இத்தனைக்கும் அவள் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. அவளுடைய தாடைக்குள்தான் அது திறந்து மூடும்.

கல்வித் துறை போன வருடம் கடலோரப் பள்ளிகளுக்கு உணர்பட்டை என்று ஒன்றைக் கொடுத்தது. கழுத்தின் பின்புறம் ஒட்டிக்கொள்கிற ரப்பர் பட்டை. கழிமுகத்தில் வாழும் சில உயிர்களுக்கு அரிசி அளவில் ஒரு மின்னணுச் சில்லைப் பொருத்தி, வகுப்பில் ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுத்தார்கள். ஒருவனுக்கு மடவை மீன், ஒருத்திக்குச் சேற்றில் கொத்தி இரை தேடும் கோட்டான், இன்னொருவனுக்குச் சேற்று நண்டு. பாடவேளை முழுவதும் அந்த உயிருக்குத் தெரிவது பிள்ளைக்கும் தெரியும். முதல் நாள் பட்டைகளைக் கொண்டுவந்தவன் சாதிக். மாவட்ட அலுவலகத்துத் தொழில்நுட்பப் பையன், பேச்சில் கெட்டிக்காரன்.

"ஆளிக்கு நாக்கு இல்ல. ஆனா உப்பு கூடினாலும் கொறஞ்சாலும் அதுக்குத் தெரியும். அந்தத் தெரியுறத ஒங்க நாக்குக்குப் புரியுற மாதிரி இது மாத்திக் குடுக்கும்" என்றான்.

"மொழிபெயர்ப்பு மாதிரியாண்ணே?" என்று கேட்டாள் இசைவாணி.

"ஆமா. கொஞ்சம் முன்னப்பின்ன இருக்குற மொழிபெயர்ப்பு."

உயிரியல் ஆசிரியை லோகநாயகிக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. அவர் கும்பகோணத்துப் பக்கத்துக்காரர். கழிமுகம் என்றால் கரும்பலகையில் இரண்டு கோடு போட்டு, இது ஆறு, இது கடல், நடுவில் கலங்கல் என்று பல வருடம் ஒப்பேற்றி வந்தவர். பட்டை வந்த பிறகு பாடம் நடத்தும் வேலையே தலைகீழாகிவிட்டது. அவர் கேட்பார், பிள்ளைகள் சொல்வார்கள்.

"ஆத்துத் தண்ணி லேசு. கடல் தண்ணி கனம். ரெண்டும் சந்திச்சா என்ன ஆகும்?"

"கலந்துடும் டீச்சர்."

"ஒடனே கலக்காது. கடல் அடியால உள்ள நுழையும். ஆறு அதுக்கு மேல ஏறி வெளிய போகும். எதிரெதிரே போற ரெண்டு பஸ்ஸு, ஒண்ணு மேம்பாலத்துல, ஒண்ணு கீழ. இப்ப மடவை வச்சிருக்கவன் சொல்லு, மேல எப்படி இருக்கு?"

"சப்புன்னு இருக்கு டீச்சர்."

"அடியில கெடக்குற ஆளி?"

இசைவாணி கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். "மொதல்ல நாக்கு நுனியில. அப்புறம் பல்லுக்கு அடியில. ஊறுகா ஜாடி அடியில நிக்குமே, அந்தத் தண்ணி மாதிரி வருது."

அந்த வாக்கியம் பிற்பாடு ஊர் முழுக்கப் பிரசித்தமாயிற்று. அதற்குக் காரணம் இருந்தது. மேலே அணை கட்டிய பிறகு, கொன்றையாற்றுக்குத் தானாக மணலைத் தள்ளிக்கொண்டு போகிற தெம்பு கிடையாது. முகத்துவாரத்தில் மணல் சேரும். அடைத்துக்கொண்டால் கடல் உள்ளே வராது, இறால் குஞ்சும் வராது. காட்டு வேர்களுக்கு நடுவில் அந்தக் குஞ்சுகள் வளர்ந்தால்தான் ஊருக்கு அடுத்த பருவம். ஆகவே ஆண்டில் ஒரு முறை ஊரே மண்வெட்டியோடு போய் வாயை வெட்டிவிடும் பழக்கம் அங்கே உண்டு. வீட்டுக்கு ஓர் ஆள், வராத வீட்டுக்கு வலை இறக்க அனுமதி இல்லை. எப்போது வெட்டுவது என்பதில்தான் தகராறு. முன்னாலேயே வெட்டினால் மறுபடி தூர்ந்துபோகும். பிந்தினால் உள்ளே எல்லாம் நாறிப்போகும். ஒவ்வொரு வருடமும் பஞ்சாயத்தார் இரண்டு கட்சியாகப் பிரிந்து, சாதிப்பெயர் ஒன்றைத் தவிர மற்ற எல்லா வசவையும் பரிமாறிக்கொள்வார்கள்.

போன கார்த்திகையில் இசைவாணி சாப்பாட்டுத் தட்டின் முன்னால், "வாயாடிக்கு உப்பு பத்தலப்பா, வாய மூடிக்கிட்டே இருக்கா" என்று சொன்னாள். அப்பா அஞ்சப்பன் பஞ்சாயத்தாரில் ஒருவர். வேடிக்கையாக ஏலக்கூடத்தில் போய்ச் சொன்னார். யாரோ போய்ப் பார்த்தார்கள், வெட்டினார்கள், அந்த வருடம் வெள்ளை இறால் கூடை கூடையாக வந்தது. அவ்வளவுதான். அதற்குப் பிறகு யாரும் முகத்துவாரத்துப் பக்கம் போய்ப் பார்க்கிற வேலையே வைத்துக்கொள்ளவில்லை. சாயங்காலம் மீன் ஏலம் முடிந்ததும் பள்ளிக்கூடத்துப் பெண்ணைக் கூப்பிட்டு நிறுத்தி, "ஆளி என்ன சொல்லுது?" என்று கேட்டுக்கொள்வார்கள். அவள் ஊறுகாய் ஜாடி என்று சொல்லிவிட்டால் நிம்மதியாக வீட்டுக்குப் போவார்கள்.

நடுவில் நண்டு விவகாரம் வந்தது.

தீபன் என்கிற பையனிடம் சேற்று நண்டு இருந்தது. மாசி மாதம் ஒரு நாள் வகுப்பில் அவன் இரண்டு கையையும் மார்போடு சேர்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "எழுதுடா" என்றார் லோகநாயகி. "கையத் தூக்க முடியல டீச்சர்" என்றான். நடிக்கிறான் என்று முதலில் எல்லோரும் சிரித்தார்கள். பிறகுதான் புரிந்தது, நண்டை யாரோ பிடித்துக் காலைக் கயிறு போட்டுக் கட்டிவிட்டார்கள். பட்டையைப் பிடுங்குவதற்குள் சூடு வேறு தொடங்கிவிட்டது. தீபன் ரொம்ப நாள் வலது கையால் பேனா பிடிக்கவில்லை. இதில் இன்னொரு கொடுமை, நண்டைப் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோனவர் அஞ்சப்பன். குழம்பைப் பாதி சாப்பிட்ட பிறகு, சில்லு பல்லில் கடிபட்டுத்தான் அவருக்கே தெரிந்தது. அன்றோடு நண்டை விட்டார்.

பெற்றோர் கூட்டத்தில் அவர்தான் எல்லோரையும்விட அதிகமாகப் பேசினார்.

"பாடம் நடத்துங்க டீச்சர், வேணாங்கல. வலிக்கிற பாடம் வேணாம். அந்தப் பய மூஞ்சிய என்னால பாக்க முடியல."

"வலி இல்லாம ஒரு உயிரப் பத்தி எப்படிச் சொல்லித் தர்றது அண்ணே? அதுவும் பாடந்தானே?"

"அந்தப் பாடத்த நாங்க வீட்டுல சொல்லிக் குடுத்துக்குறோம். இங்க வேணாம்."

ஊரே கை தூக்கிற்று. சாதிக் வந்து ஒரு பொத்தானைத் தட்டினான். 'மென்மை' என்று பெயர். அதிலிருந்து, பட்டைகளின் நிலவரம் காட்டும் லோகநாயகியின் கணினித் திரையில் மூலையில் ஒரு பச்சை இலை எப்போதும் தெரியும். அலங்காரம் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

தீபாவளிக்கு முந்தின நாள். நான்கைந்து நாளாக மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து மாவட்டத்துக் கலெக்டர் விடுமுறை விட்டிருந்தார், இந்த மாவட்டத்துக் கலெக்டர் விடவில்லை. அந்தக் கோபம் ஒன்பதாம் வகுப்பு முழுக்கத் தெரிந்தது. நமுத்துப்போன பட்டாசைப் பற்றித்தான் பேச்சு. லோகநாயகி பட்டைகளைக் கொடுத்து ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார்.

இசைவாணி திடுக்கென்று வாயை மூடினாள். திறந்தாள். மறுபடியும் மூடினாள். மூன்று முறை.

"என்னம்மா?"

"யாரோ வெடி வைக்கிறாங்க டீச்சர். ஓடைக்குப் பக்கத்துல. தண்ணி அதிருது. டம்முன்னு மூணு தடவ."

"இந்த மழையில எவன் வெடி வைப்பான்?" என்றது பின் வரிசை.

தீபனின் முகம் ஒரு மாதிரி ஆனது. "டீச்சர், ஒண்ணு சொன்னா அடிக்க மாட்டீங்களே?"

"சொல்லு."

"போன தீபாவளிக்கு மொத நாள் நான் வயித்து வலின்னு லீவு போட்டேன். வயித்து வலி இல்ல. ஓடக்கரையில கொட்டாங்கச்சிய கவுத்து மூணு அணுகுண்டு வெடிச்சேன். மூணே மூணு. இவ லீவு முடிஞ்சு வந்து, வாயாடி பயந்துட்டான்னு சொல்லிச் சொல்லி அழுதா."

"இப்ப நீ இங்கதானே இருக்க" என்றாள் இசைவாணி.

"அதான் சொல்றேன்."

இசைவாணி பட்டையைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, தனக்குள் எப்போதிலிருந்தோ இருந்த கேள்வியை வெளியே எடுத்தாள்.

"டீச்சர், இத்தினி நாளா மழ பேயுது. உப்பு ஏன் கொறையவே இல்ல?"

அந்தக் கேள்வியை லோகநாயகியல்லவா கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. திரையின் மூலையில் இருந்த பச்சை இலையை முதல் முறையாக விரலால் தொட்டார். எழுத்துகள் விரிந்தன. அதைப் படித்துவிட்டு சாதிக்குக்குப் போன் போட்டு, பிள்ளைகள் கேட்கும்படி வைத்தார்.

"மென்மைன்னா என்ன தம்பி? வலிச்சா பட்டை நின்னுடும்னுதானே சொன்ன?"

"நிக்காது டீச்சர். நின்னா கிளாஸ் கெட்டுப்போகும்ல. அந்த உயிர் கஷ்டப்பட ஆரம்பிச்சா, போன வருஷத்துல அது நல்லா இருந்த நாளு ஒண்ண எடுத்துப் போடும். கடல் ஏறி எறங்குற ஓத நேரம் மாறிடக் கூடாதுன்னு அதே திதியாத் தேடும். நல்ல டிசைன் டீச்சர் அது."

"இசைவாணியோட ஆளி எப்பலேர்ந்து பழசுல ஓடுது?"

மறுமுனையில் விசைகளைத் தட்டும் சத்தம்.

"போன மாசத்துலேர்ந்து டீச்சர்."

ஒரு மாதமாக இசைவாணி ஏலக்கூடத்தில் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தது போன வருடத்து உப்பு. ஒரு மாதமாக ஊர் அதைக் கேட்டு நிம்மதியாகத் தூங்கியது. ஓடையில் ஒரு விரலை விட்டு நக்கிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். யாருக்கும் தோன்றவில்லை. கையில் கருவி இருக்கும்போது விரல் ஞாபகத்துக்கு வராது.

மத்தியானம் லோகநாயகி தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டு, அஞ்சப்பனின் படகிலேயே இசைவாணியையும் தீபனையும் ஏற்றிக்கொண்டு போனார். முகத்துவாரம் பார்வைக்குத் திறந்துதான் இருந்தது. ஆற்றுத் தண்ணீர் செக்கச்செவேலென்று கடலுக்குள் போய்க்கொண்டிருந்தது.

"வாய் தொறந்துதானே கெடக்கு" என்றார் அஞ்சப்பன்.

இசைவாணி துடுப்பை நேராக இறக்கினாள். முழங்கால் ஆழத்திலேயே மணலில் முட்டியது. "மேல போற பஸ்ஸு போவுதுப்பா. கீழ வர்ற பஸ்ஸுக்குத்தான் வழி இல்ல."

அவருக்கு அந்தப் பேருந்துக் கதை தெரியாது. ஆனால் மணல் புரிந்தது. உள் ஓடைக்குப் போய் நான்கு பேரும் விரலை விட்டு நக்கினார்கள். குடிக்கலாம் போல இருந்தது, மண் வாசனையோடு. தண்ணீர் வேர்களை மூடி நின்றதால் வாயாடி கண்ணில் படவில்லை. தீபன் மட்டும் இரண்டாவது முறையும் நக்கிப் பார்த்தான். கெட்ட செய்தி என்றாலும் நிஜம் என்பதில் அவனுக்கு ஒரு சுவாரசியம் இருந்ததுபோல் தெரிந்தது.

சாயங்காலம் ஏலக்கூடத்தில் ஊர் கூடியது. அஞ்சப்பன் விஷயத்தைச் சொன்னார். நாளைக்கு அமாவாசை. கடல் நன்றாக வற்றும், மழைத் தண்ணீர் உள்ளே ஏறி நிற்கிறது. மத்தியானம் வற்றும் நேரத்தில் வாயை வெட்டிவிட்டால் ஆறே மணலை அரித்துக்கொண்டு போகும். விட்டால் அடுத்து பௌர்ணமிதான்.

"நாளைக்குத் தீபாவளி" என்றார் சிங்காரவேலு. அவர் எதிர்க்கட்சி. எந்த விஷயத்துக்கும். "நல்ல நாளும் அதுவுமா மண்ணு வெட்டச் சொல்றியா? ஒரு மாசமா நல்ல தண்ணியில கெடந்திருக்கு. உள்ள இருக்குறது எல்லாம் இந்நேரம் செத்திருக்கும். செத்ததுக்கு என்னா அவசரம்? பவுர்ணமிக்கு வெட்டிக்குவோம்."

பலர் தலையாட்டினார்கள். புதுச்சட்டை தைத்து வைத்திருந்த ஊர்.

லோகநாயகி எழுந்தார். "ஆளி சட்டுன்னு சாகாதுங்க. தண்ணி ஒத்துக்கலன்னா ஓட்ட இறுக்கி மூடிக்கிட்டு மூச்சப் பிடிச்சுக்கிட்டுக் கெடக்கும். எத்தனையோ நாள் தாங்கும். மீனு, நண்டெல்லாம் தப்பிச்சு ஓடிடும். ஓட முடியாம அங்கயே கெடக்குறது அதுதான். அது உசுரோட இருந்தா, காடு இன்னும் பொழைக்கும்னு அர்த்தம்."

"இருக்கா, இல்லையா? அதச் சொல்லுங்க" என்றார் சிங்காரவேலு.

சாதிக் மோட்டார் சைக்கிளில் நனைந்துகொண்டு வந்து சேர்ந்திருந்தான். "திரையில பாத்தா தெரியாதுங்க. மூடிக் கெடக்குற ஆளிக்கும் செத்த ஆளிக்கும் ஒரே கோடுதான். மென்மைய எடுத்துட்டுப் பட்டையப் போட்டுப் பாக்கணும். ஆனா பிள்ளைங்களுக்கு எடுக்க எனக்கு அனுமதி இல்ல. பெரியவங்க யாராச்சும் போட்டாத்தான்."

கூடத்தில் யாரும் அசையவில்லை. தீபனின் கையை எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. இசைவாணி அப்பாவைப் பார்த்தாள். அஞ்சப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மீன் பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்தார். "ஒட்டுடா தம்பி" என்றார்.

பட்டை ஒட்டியதும் அவர் உதடு இறுகியது. நெற்றி நரம்பு தெரிந்தது. ஏலக்கூடத்துத் தகரத்தில் மழை அடித்துக்கொண்டிருந்தது. லோகநாயகிக்குப் பட்டையைப் பிடுங்கிவிடலாமா என்றிருந்தது. அவருக்கு அஞ்சப்பன்மேல் அதுவரை ஒரு கோபம் இருந்தது, அது அப்போது போய்விட்டது. கடைசியில் அஞ்சப்பனே பட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"உசுரோட இருக்கு" என்றார். "மூச்சப் புடிச்சுக்கிட்டு, பல்லக் கடிச்சுக்கிட்டு இருக்கு. எல்லாரும் மம்பட்டியோட வாங்க."

ஒருவன் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறான் என்று தெரிந்த பிறகு பௌர்ணமி என்று யார் சொல்வது.

தீபாவளியன்று ஊர் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, புதுச்சட்டையை வீட்டில் வைத்துவிட்டு, பழைய கைலியோடு முகத்துவாரத்துக்கு வந்தது. பெண்கள் கூடையில் மணல் சுமந்தார்கள். கரையில் ஒரு தாம்பாளத்தில் அதிரசம் மழையில் ஊறிக்கொண்டிருந்தது, அதையும் விடவில்லை. கடல் வற்றத் தொடங்கியதும், மணல் திட்டில் வெட்டிய புது வாய்க்காலின் கடைசி வரப்பை உடைத்தார்கள். முதலில் கால் அகலத்துக்குத் தண்ணீர் போயிற்று. பிறகு ஓரம் இடிந்தது. பிறகு ஆறே வேலையை எடுத்துக்கொண்டது, மனிதர்கள் விலகி நிற்க வேண்டியிருந்தது. சாயங்காலம் வெட்டிய இடத்தில் ஆள் உயரக் கழியை விட்டால் தரை தட்டவில்லை. தீபன் அதுவரை பத்திரமாக வைத்திருந்த அணுகுண்டைக் கொட்டாங்கச்சிக்குள் வைத்துப் பற்றவைத்தான். புஸ்ஸென்று போயிற்று.

இரண்டு மூன்று ஓதம் ஏறி இறங்கிய பிறகு மழை விட்டது. லோகநாயகி, அஞ்சப்பன், இசைவாணி மூவரும் உள் ஓடைக்குப் படகில் போனார்கள். கடல் வற்றியிருந்த நேரம். வேர்கள் வெளியே தெரிந்தன. சில்லு பொருத்தியபோது அடையாளத்துக்கு வேரில் நீலக் கயிறு கட்டியிருந்தார்கள். அதைத் தேடிக்கொண்டு இசைவாணி சேற்றில் இறங்கி முழங்கால் வரை புதைந்து நடந்தாள். போன வருடத்திலிருந்து தன் வாய்க்குள் இருந்தவளை முதல் முறையாகப் பார்க்கப் போகிறாள்.

வாயாடி திறந்து கிடந்தாள். ஓட்டுக்குள் சதை இல்லை. அடியில் சேறு படிந்து, அதன்மேல் பாசி பச்சை பிடித்திருந்தது.

இசைவாணி அதையே ரொம்ப நேரம் பார்த்தாள். பாசியை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள்.

"டீச்சர், செத்தா ஆளி வாயத் தொறந்துக்குமா?"

"ஆமாம்மா. மூடி வைக்கிறதுக்குத்தான் பலம் வேணும். உசுரு போனதும் தானாத் தொறந்துக்கும்."

"இந்தப் பாசி ரெண்டு நாள்ல வராதுல்ல?"

லோகநாயகி படகைப் பிடித்துக்கொண்டு நின்ற அஞ்சப்பனைப் பார்த்தார். இசைவாணியும் பார்த்தாள்.

"நீ பட்டை போட்டப்ப உசுரோட இருந்துச்சுன்னு சொன்ன."

அவர் தாடையைத் தடவிக்கொண்டார். "சொன்னேன்."

"இருந்துச்சா?"

"இல்ல பாப்பா." பிறகு, கேட்காமலே சொன்னார். "செத்துப்போச்சுன்னு சொல்லிருந்தா எவன் வருவான் தீபாவளியன்னிக்கு? சிங்காரம் வாய மூடிருப்பானா? இது போனா போவுது, மத்தது எதுனா மிச்சம் இருந்தா பொழைக்கட்டுமேன்னுதான்."

அவள் அழுவாள் என்று லோகநாயகி எதிர்பார்த்தார். கண்ணில் தண்ணீர் நின்றது உண்மை. ஆனால் அந்தப் பெண்ணுக்குக் கேள்வி வந்துவிட்டால் அழுகை அதற்குப் பிறகுதான்.

"அப்ப ஒனக்குப் பட்டையில என்னா தெரிஞ்சுது?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னா எப்படிப்பா? இருட்டா? அமைதியா? ருசியே இல்லாமயா?"

அஞ்சப்பன் நிஜமாகவே யோசித்தார். மகளுக்குச் சரியான பதில் சொல்ல வேண்டும் என்று அவருக்கு இப்போது ஓர் அக்கறை வந்திருந்தது.

"என் எச்சி ருசிதான் தெரிஞ்சுது. வேற யாரும் இல்ல அங்க. நான் மட்டுந்தான்."

அவள் தலையாட்டினாள். பிறகு குனிந்து பக்கத்து வேரில் ஒட்டியிருந்த ஆளிகளை ஒவ்வொன்றாக விரலால் தட்டிப் பார்த்தாள். பல திறந்து கிடந்தன. சில இறுக்கமாக மூடியிருந்தன. மூடியிருந்ததைக் கண்டபோதெல்லாம் "இது இருக்கு டீச்சர்" என்றாள். ஓதம் ஏறத் தொடங்கியது. வேர்களுக்கு நடுவில் தண்ணீர் சத்தமில்லாமல் வந்தது. விரலை விட்டு நக்கினாள். முகம் சுளித்தது. உப்பு.

அன்று சாயங்காலம் ஏலம் முடிந்ததும், லோகநாயகியும் சாதிக்கும் வந்து நின்றிருக்க, ஊர் வழக்கம்போலக் கேட்டது. சிங்காரவேலுதான் கேட்டார்.

"என்னா பாப்பா, ஆளி என்ன சொல்லுது?"

அஞ்சப்பன் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. ஊறுகாய் ஜாடி என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் சொன்ன பொய் யாருக்கும் தெரியாமலே போய்விடும், எல்லோரும் வீட்டுக்குப் போவார்கள், தீபாவளிப் பலகாரம் இன்னும் மீதமிருந்தது.

"வாயாடி செத்துட்டா" என்றாள் இசைவாணி. "பக்கத்துல கொஞ்சம் உசுரோட இருக்கு. உப்பு வந்துருச்சு. பட்டையில இல்ல, நக்கிப் பாத்தேன்."

"செத்துட்டாளா? எப்ப?"

அவள் வாயைத் திறக்கும் முன்னால் அஞ்சப்பன் தராசைக் கீழே வைத்தார்.

"நான் பட்டையப் போடுறதுக்கு முன்னாலயே. நான்தான் பொய் சொன்னேன்."

தீபாவளியன்று மழையில் மண் சுமந்த தோள்கள் எல்லாம் அவர் பக்கம் திரும்பின. சிங்காரவேலு எழுந்து அவர் அருகில் வந்தார். அடிக்கப் போகிறார் என்றே லோகநாயகி நினைத்தார்.

சிங்காரவேலு இசைவாணியிடம் கையை நீட்டினார்.

"அந்தப் பட்டைய இங்க குடு பாப்பா. இனிமே ஒங்கப்பன நம்ப முடியாது. உசுரோட இருக்குன்னு சொன்னியே, அதுல ஒண்ணுக்குச் சில்லு வைக்கச் சொல்லு. அடுத்த மொற நான் போட்டுக்குறேன்."

கொஞ்சம் தயங்கி, சாதிக் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"அந்த மென்மை கின்மை எல்லாம் எடுத்துட்டுக் குடுக்கச் சொல்லு."